தொட்டுப் பார்த்துத் தேர்ந்த வலை

ஓய்வு பெற்ற டாக்டரைத் தேடி வருகிறவர்கள் இரண்டு வகை. மூட்டு வலிக்கு மாத்திரை கேட்கும் சொந்தக்காரர்கள் ஒரு வகை. ஞாயிற்றுக்கிழமையில் ஆப்பிள் பையோடு வந்து, "மேடம், உங்க காலத்துல எல்லாம் எப்படி?" என்று கேட்கும் இளம் டாக்டர்கள் இன்னொரு வகை. என் காலம் என்னவோ சோழர் காலம் என்கிற மாதிரி கேட்பார்கள். போன மாதம் அப்படி வந்த ஒரு பெண், காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மேடம், நீங்க மெஷ் கேஸ் எல்லாம் பண்ணியிருக்கீங்களா?" வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரம் பார்த்து, பீடி குடித்திருக்கிறாயா என்று கேட்கிற தொனி அது.

செய்திருக்கிறேன். பக்கத்தில் நின்று சதையை விலக்கும் கொக்கியைப் பிடித்திருக்கிறேன், பிறகு வைத்ததை எடுத்தும் இருக்கிறேன். அவளுக்கு அன்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஆப்பிள் வாங்கி வந்த பாவத்துக்கு இங்கே எழுதிவிடுகிறேன்.

மெஷ் என்பது வலை. பிளாஸ்டிக் நூலில் பின்னிய வலை. கர்ப்பப்பையோ மூத்திரப்பையோ கீழே இறங்கிவிட்ட பெண்களுக்கு உள்ளே ஒரு தாங்கலாக வைப்பது. வயிற்றைத் திறந்து மேலிருந்து வைப்பது இன்றும் உண்டு. குடலிறக்கத்துக்கு வைப்பதும் உண்டு. சரியான இடத்தில் வைத்தால் அது பாட்டுக்கு இருக்கும், அதன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நான் சொல்வது கீழ்வழியாக, பிறப்புறுப்பின் சுவருக்கு அடியில் வைத்த கதை. அதைப் பல நாடுகளில் நிறுத்தினார்கள், வழக்குப் போட்டார்கள், மன்னிப்புக் கேட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் எதையும் நிறுத்தவில்லை. டை கட்டிக்கொண்டு பெட்டியோடு வந்துகொண்டிருந்த விற்பனைப் பையன் வருவதை நிறுத்தினான், அவ்வளவுதான். தடை என்று யாரும் அறிவிக்காததால் தப்பு என்று யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. இதைவிடச் சௌகரியமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, பேராசிரியர்களுக்குப் பயந்தோம். எல்லா டாக்டர்களும் எழுதுவது அதைத்தான், எனக்கும் அதேதான் நடந்தது. இறக்கத்துக்கு அப்போது கற்றுக்கொண்டது ஒரே வைத்தியம். சுவரைக் கீறி, மூத்திரப்பையை அதிலிருந்து மெதுவாகப் பிரித்து, தளர்ந்துபோன சவ்வை இரண்டு பக்கமிருந்தும் இழுத்து நடுவில் சேர்த்துத் தைப்பது. அவளுடைய சதையை வைத்தே அவளுக்குத் தாங்கல் கட்டுவது. சிலருக்குச் சில வருஷத்தில் தையல் தளர்ந்து மறுபடி இறங்கும். இறங்கினால் மறுபடி தைப்போம். இதில் மேடையேறிப் பேசுவதற்கு ஒன்றும் இல்லாததால் யாரும் பேசுவதில்லை.

என் கணவருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்ததால் நானும் வந்தேன். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் "என்னம்மா செய்யுது?" என்று கேட்டால் அது பாசம். இங்கே அதைக் கேட்டதும் முதல் நாள் வந்த நோயாளி எழுந்து போய் ரிசப்ஷனில் "அந்த டாக்டரம்மா வெடுக்கு வெடுக்குன்னு பேசறாங்க" என்று சொல்லிவிட்டார். ஒரு வருஷத்தில் எல்லா வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு 'ங்க' மாட்டப் பழகிக்கொண்டேன். இன்னொன்றுக்கும் பழக வேண்டியிருந்தது. இந்த ஊரில் யாரும் துணியைக் கண்ணால் பார்ப்பதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள், நீளத்தில் இழுப்பார்கள், அகலத்தில் இழுப்பார்கள், வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார்கள். பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வலி விட்ட இடைவெளியில் என் கோட்டு முனையைத் தேய்த்துப் பார்த்து, "இது ரெண்டு தண்ணிக்குச் சுருங்கிருமுங்க" என்றாள். சுருங்கியது.

எங்கள் தலைமை மருத்துவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வோம். பனியன் கம்பெனிக் குடும்பத்தில் பிறந்து, மெஷின் சத்தத்தில் படித்து டாக்டரானவர். கை சுத்தம். கர்ப்பப்பையை எடுக்கும்போது பார்த்தால், ரத்தமே அவர் அனுமதி கேட்டுத்தான் வருமோ என்று தோன்றும். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாகாது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். சாதாரண நாளில் நர்ஸிடம் "கத்திரி குடு கண்ணு" என்பார். தப்பான கத்திரியைக் கொடுத்துவிட்டால், "ஏனுங்க சிஸ்டர், இது நல்லாத்தானுங்க இருக்குது, நாளைக்கு முடி வெட்டறதுக்கு எடுத்து வெச்சுக்குங்க" என்பார். அந்த 'ங்க'வில் ஒன்று விழுந்ததும் ஆபரேஷன் தியேட்டரே வாயை மூடிக்கொள்ளும். என்னிடம் அவர் எப்போதும் மிக மரியாதையாகத்தான் பேசினார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் பெங்களூருக்கு ஒரு பயிற்சி முகாமுக்குப் போனார். நட்சத்திர ஹோட்டல், பொம்மை இடுப்பெலும்பு, கூடவே விருந்து. திங்கட்கிழமை வலை வைப்பதில் நிபுணராகத் திரும்பினார். நான் மூன்று வருஷம் கற்றுக்கொண்டதை அவர் இரண்டு இரவு விருந்துக்கு நடுவில் தாண்டிவிட்டார். அவர் கொண்டுவந்த கையேட்டை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நான் படித்தேன். அதுதான் என் பிரச்சினை.

இனி தெய்வானை. நல்லூரில் கீழே நிட்டிங் மெஷின்கள், மேலே வீடு என்று இருந்த ஒரு சின்னக் கம்பெனியின் முதலாளியம்மா. கணவர் பெயர் ஆறுமுகம். வருஷா வருஷம் பழனிக்கு நடக்கிறவர், நல்ல மனிதர், மனைவி மேல் பிரியம் உள்ளவர். கம்பெனி வளருவதற்கு முன்னால் துணி ரோலைத் தோளில் தூக்கி வண்டியில் ஏற்றியது தெய்வானைதான். பிரசவமாகித் தொட்டில் கட்டிய கையோடு ரோல் தூக்கினார். ஐம்பதை நெருங்கியபோது கர்ப்பப்பையும் அதோடு மூத்திரப்பையும் இறங்கிவிட்டன. இந்த ஊரில் பனியன் வேஸ்ட் துணிக்குப் பஞ்சமில்லை. அதைச் சுருட்டி வைத்து, மேலே இறுக்கமாக உள்பாவாடை கட்டி, பல வருஷம் யாரிடமும் சொல்லாமல் ஓட்டியிருக்கிறார். "கீழ பாரமா இருக்குதுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். சோதித்துப் பார்த்தபோது அவர் சொன்ன 'ஒண்ணுமில்லை' என் உள்ளங்கை நிறைய இருந்தது.

தையலே போதும் என்று நான் நினைத்தேன். பெரிய டாக்டர் வலை என்றார். அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரம் அவருடைய அறையில் ஒரு கூட்டம் நடந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் பெரிய டாக்டர், அந்தப் பக்கம் நாற்காலியில் ஆறுமுகம், ஓரமாக டை கட்டிய விற்பனைப் பையன், சுவரோரம் நான். தெய்வானை கதவுக்குப் பக்கத்தில் நின்றார். பையன் மூன்று சாம்பிள்களை மேஜையில் வரிசையாக வைத்தான். இந்த ஊரில் சாம்பிளை மேஜையில் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. ஆறுமுகம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் சாம்பிள் தோல் மாதிரி வெள்ளையாக, மெத்தென்று இருந்தது. தேய்த்துப் பார்த்து, "நல்ல ஃபீலுங்க" என்றார். "போர்சைன் டெர்மிஸ் சார், ரொம்ப நேச்சுரல்" என்றான் பையன்.

"அப்படின்னா என்னங்க?"

பையன் பெரிய டாக்டரைப் பார்த்தான். பெரிய டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். மற்றவர்களுக்கு வேலை இருந்ததால் நான் சொன்னேன். "பன்னித் தோலுங்க. சுத்தம் பண்ணி, உள்ள வைக்கிறதுக்குத் தோதா செஞ்சது."

ஆறுமுகத்தின் கை அப்படியே நின்றது. பிறகு வேட்டியில் விரல்களை ரொம்ப நேரம் துடைத்தார். "மால போட்டிருக்கறேனுங்க" என்றார், யாரையும் குறை சொல்லாத குரலில். பையன் அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான். பெரிய டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "டாக்டரம்மாவுக்குத் தமிழ் ரொம்ப நல்லா வருமுங்க."

மிச்சம் இரண்டு வலை. ஒன்று மெல்லியது, கண்கள் பெரியது. இந்த வேலைக்கென்றே செய்தது. இன்னொன்று கனமானது, நெருக்கமாகப் பின்னியது. குடலிறக்கத்துக்கு வைக்கிற தகடு, தேவைக்குத் தகுந்தபடி வெட்டிக்கொள்ளலாம். ஆறுமுகம் இரண்டையும் இழுத்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். பிறகு கேட்டார்:

"ஏனுங்க, இது எத்தன ஜிஎஸ்எம்முங்க?"

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கும் என்ற கணக்கு அது. பனியன் துணியின் தரத்தை இங்கே அதை வைத்துத்தான் பேசுவார்கள். கனம் கூடினால் நல்ல துணி, குறைந்தால் மட்டம். பையன் சொன்னான். மெல்லியதன் கணக்கைக் கேட்டதும் ஆறுமுகம் வருத்தத்தோடு சிரித்தார். "கொசுவலைகூட இதுக்கு மேல இருக்குமுங்க. இதையுங்களா எங்கூட்டு அம்மணிக்கு வெக்கறது? கனமானதயே வெச்சுருங்க. நல்ல மெட்டீரியலா இருக்கட்டும்."

உடம்புக்குள் வைக்கிற வலைக்குக் கணக்கு நேர் தலைகீழ். மெல்லியதாக, கண் பெரியதாக இருந்தால்தான் சதை அதற்குள் புகுந்து வளர்ந்து அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். கனமாக, நெருக்கமாக இருந்தால் உடம்பு அதைச் சுற்றித் தழும்பு கட்டும், தழும்பு சுருங்கும், வலையையும் கூடவே சுருட்டும். கையேட்டில் படம் போட்டு விளக்கியிருந்தது. நான் சொன்னேன்.

பெரிய டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "டாக்டரம்மா, நீங்க புஸ்தகத்துல படிச்சிருக்கறீங்க. இவுரு பொறந்ததுல இருந்து துணியிலயே இருக்கறாருங்க. நம்மூர்க்காரர் தொட்டுப் பாத்து எடுத்த துணி எங்காச்சும் சோடை போயிருக்குதுங்களா?"

ஆறுமுகத்துக்குச் சந்தோஷம். பெரிய டாக்டருக்கும் சந்தோஷம். பையனுக்கு எது போனாலும் சந்தோஷம். கதவுக்குப் பக்கத்தில் நின்ற தெய்வானையிடம் மட்டும் யாரும் எதையும் கேட்கவில்லை. சாம்பிளைத் தொட்டுப் பாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சை நடந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போனதும், பெரிய டாக்டர் கையுறை வந்த காகிதத்தை விரித்து அதில் ஒரு பேட்டர்ன் வரைந்தார். நடுவில் ஒரு பட்டை, நாலு மூலைக்கு நாலு கை. அதை வலைத் தகட்டின் மேல் வைத்து வெட்டினார். துளி சேதாரமில்லை. எந்தக் கம்பெனியும் அவரைக் கட்டிங் மாஸ்டராகக் கண்ணை மூடிக்கொண்டு வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கும். பிறகு சுவரைக் கீறி மூத்திரப்பையைப் பிரித்தார். தொடை இடுக்கில் சின்னதாக ஓட்டை போட்டு, அரிவாள் போல வளைந்த நீண்ட ஊசியை எலும்பைச் சுற்றி உள்ளே விட்டார். அந்த ஊசியின் முனையைக் கண்ணால் பார்க்க முடியாது. உள்ளே வைத்திருக்கும் விரலில் அது வந்து முட்டுகிறதா என்று தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முட்டியது. வலையின் கை ஒவ்வொன்றையும் அந்த ஊசியில் கோத்து வெளியே இழுத்தார். நாலு கையும் வெளியே வந்ததும் வலை உள்ளே விரிந்தது.

வலை தளர்வாகக் கிடக்க வேண்டும். அதற்கும் மூத்திரப்பைக்கும் நடுவில் ஒரு விரல் போய் வர இடம் வேண்டும். வெளியே தள்ளாத அளவு தாங்கினால் போதும். பெரிய டாக்டர் ஒரு சுருக்கத்தைப் பார்த்துவிட்டார். பனியன் ஊர்க்காரருக்குத் துணியில் சுருக்கம் பொறுக்குமா? வலையின் இடது கையை இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

"சார், கொஞ்சம் லூசா விடலாங்களா?" என்றேன்.

"துணின்னா வெறப்பா நிக்கணுமுங்க டாக்டரம்மா. அயர்ன் பண்ணுன மாதிரி."

இழுத்தார். விறைப்பாக நின்றது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனைகளைத் தோலோடு சேர்த்து வெட்டினார். பார்க்க ரொம்ப அழகாக இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டார். ஆறு வாரம் கழித்துச் சோதித்தபோது எதுவும் இறங்கவில்லை. அந்தப் போட்டோவை ஒரு கருத்தரங்கில் போட்டுக் காட்டி, 'உடற்கூறு ரீதியாக முழு வெற்றி' என்று பேசிவிட்டு வந்தார். கைதட்டினார்களாம்.

தெய்வானையால் உட்கார முடியவில்லை.

முதலில் யாருக்கும் தெரியாது. கம்பெனியில் செக்கிங் டேபிள் பக்கத்தில் காலையிலிருந்து மாலை வரை நின்றுகொண்டே இருந்தார். வேலைக்கு வரும் பெண்கள் "எங்க முதலாளியம்மா ஒரு நிமிசம் ஒக்கார மாட்டாங்க, அப்படி ஒழைப்பு" என்று பெருமையாகச் சொல்வார்களாம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல் பரிமாறிக்கொண்டே இருந்தார், பொறுப்பான பெண் என்று பேர் வாங்கினார். காரில் பின் சீட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு போனார். வலி ஏற ஏற ஊரில் அவருடைய மதிப்பும் ஏறியது.

என்னிடம் வந்தபோது நின்றுகொண்டேதான் சொன்னார். "எடது பக்கம் உள்ளார கம்பி கணக்கா ஒண்ணு இழுத்துப் புடிக்குதுங்க. ஒக்காந்தா உசுரே போகுதுங்க. ஊட்டுல சொன்னா, அவ்வளவு நல்ல மெட்டீரியலு வெச்சிருக்குது, அது எப்படி வலிக்கும்ங்கறாரு." நான் சோதித்தேன். விரித்துப் பார்க்கும் கருவியை விட்டுப் பார்த்தால் சுவர் வழவழவென்று இருந்தது. விரலால் தடவினால் இடது பக்கத்தில் ஒரு நரம்புக் கயிறு மாதிரி விறைத்துக்கொண்டு ஒன்று. அதைத் தொட்டதும் அந்த அம்மா மேஜையிலிருந்து எழுந்தேவிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

பெரிய டாக்டரிடம் சொன்னேன். "நீங்க அழுத்துனா யாருக்கும் வலிக்குமுங்க" என்றார். தானும் ஒரு தடவை பார்த்தார், கண்ணால் மட்டும். "சூப்பரா இருக்குதுங்க. கொஞ்சம் மனசுதான் சரியில்ல. கொழந்தைக வெளியூரு போயிட்டாங்கல்ல, அந்த வயசுல எல்லாத்துக்கும் வர்றதுதானுங்க." தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். நான் விடாமல் ஒவ்வொரு மாதமும் சொன்னேன், அவரும் விடாமல் மரியாதையாகப் பதில் சொன்னார். பெண்ணின் இடுப்புக்குள் இருக்கும் வலிக்கு இருப்பிடம் தலை என்பதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் என் வேலைக்காலம் முழுவதும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் ஆறுமுகம் தனியாக வந்து பெரிய டாக்டரைப் பார்த்தார். கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார்கள். அவர் போனதும் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரிடம் பேசினார்.

"அவுருக்குக் கீறிருச்சுங்களாம்."

"யாருக்குங்க?"

"அவுருக்குத்தானுங்க. உள்ளார என்னமோ முள்ளு மாதிரி குத்துதாமுங்க. உடனே பாக்கோணும்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே கோபம். தெய்வானை ஒரு வருஷமாகச் சொன்ன வலி மனப்பிரமை. அவர் கணவருக்குப் படுக்கையில் ஒரு நாள் விழுந்த கீறல் மருத்துவ உண்மை. அன்று சாயங்காலமே தெய்வானையை வரவழைத்தார்கள். பெரிய டாக்டர் இந்தத் தடவை விரலால் தடவிப் பார்த்தார். சுவர் அரித்து வலையின் வெட்டு முனை ஒன்று வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, விரலில் பட்டால் மீன் முள். கையுறையைக் கழற்றிவிட்டு, "மெட்டீரியல்ல ஏதோ கோளாறுங்க" என்றார். பிறகு என்னிடம், "எடுக்கற வேலையெல்லாம் உங்க கைக்குத்தானுங்க நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு வேறொரு கருத்தரங்குக்குக் கிளம்பினார்.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் ஆறுமுகம், எடுத்த இடத்தில் இந்தத் தடவை எந்தத் துணி வைப்பது என்று ஆரம்பித்தார். அவரை டீ சாப்பிட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். தெய்வானை கட்டிலில் வலது பக்கமாகப் படுத்திருந்தார். "உங்களுக்கு என்ன செய்யணும், நீங்க சொல்லுங்க" என்றேன். "எனக்குங்களா?" என்றார். கேள்வி புரியாமல் இல்லை, அதை யாரும் கேட்டுப் பழக்கமில்லை.

"எடுத்துருங்க. வேற ஒண்ணும் வெக்காதீங்க."

"எடுத்தா மறுபடியும் எறங்கலாங்க. உண்மையச் சொல்லிடறேன்."

"எறங்குனா வலிக்குமுங்களா?"

"வலிக்காது. பழையபடி பாரமா இருக்கும்."

"பாரம்னா செரிங்க" என்றார். "பாரம் நான் தூக்காததுங்களா? இந்த வலிதானுங்க என்னால ஆகல."

வைக்கிறது ஒரு மணி நேர வேலை. எடுக்கிறதுக்கு எந்த ஹோட்டலிலும் யாரும் முகாம் நடத்தியிருக்கவில்லை. சதை வலைக்குள் புகுந்து, தழும்பு அதன் மேல் மூடி, எது நூல் எது அவள் என்று தெரியாமல் ஒன்றாகிக் கிடந்தது. பிசைந்த மாவுக்குள் போன தலைமுடியை எடுப்பது மாதிரி, ஒவ்வொரு இழையாகத் தேடிப் பிடித்து, சதையை அதிலிருந்து வழித்து, அடுத்த இழைக்குப் போனேன். கத்திரி முனைக்கு ஒரு பக்கம் வலை, இன்னொரு பக்கம் மூத்திரப்பை. நடுவில் காகிதம் தடிப்புகூட இல்லை. அடிக்கடி நீலச் சாயத் தண்ணீரை மூத்திரப்பைக்குள் விட்டு, எங்காவது கசிகிறதா என்று பார்த்தேன். திருப்பூர்க்காரி ஆனதற்குச் சாயத்தை நானும் ஒரு தடவையாவது கலக்க வேண்டும் அல்லவா? கசியவில்லை. இடது பக்கம் அந்த விறைத்த கயிறு கையில் சிக்கியது. வெட்டினேன். இறுக்கிக் கட்டிய கொடிக்கயிற்றை அறுத்ததுபோல் இரண்டு முனையும் விலகி ஓடின. சுற்றியிருந்த சதை அப்போதே தளர்வதைக் கண்ணால் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நர்ஸ் பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டாள். எலும்புக்குப் பின்னால் போன வலையின் கைகளை முழுதாக எடுக்க முடியவில்லை. எடுக்கப் போனால் நரம்பு போய்விடும். அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன. பிறகு அவளுடைய சதையை அவளுக்கே இழுத்துத் தைத்தேன், முப்பது வருஷத்துக்கு முன்னால் கற்றுக்கொண்ட அதே தையல்.

வெளியே வந்ததும் ஆறுமுகம் எடுத்ததைப் பார்க்க வேண்டும் என்றார். ரிஜெக்ட் ஆன பீஸைப் பார்க்காமல் எந்த முதலாளியும் விடமாட்டார். எவர்சில்வர் கிண்ணத்தில் காட்டினேன். சுருண்டு, மடங்கி, உள்ளே போனதில் பாதி அளவுகூட இல்லாமல் கிடந்தது. அவர் விரல் அதை நோக்கித் தானாகப் போய், பாதி வழியில் நின்றது.

"இத்தன சுருங்கிருக்குதுங்களே" என்றார். "வெக்கறதுக்கு முன்னாடி ஒரு வாஷ் போட்டுப் பாத்திருக்கோணுமுங்க."

அந்த மனிதருக்கு அழுகையும் வந்தது, அவருக்குத் தெரிந்த பாஷையில் அழுதார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். "நாந்தானுங்க கனமானதக் கேட்டேன்" என்று மெதுவாகச் சொன்னார். கேட்டது அவர்தான். தெரிந்தும் வைத்தவர் கருத்தரங்கில் இருந்தார். பெரிய டாக்டர் அதன் பிறகு கடைசி வரை அந்த வலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷம் என் பணியைப் பாராட்டிக் கூட்டத்தில் சால்வை போர்த்தினார். போர்த்தும்போது சால்வையின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார்.

சில மாதம் கழித்துத் தெய்வானை சோதனைக்கு வந்தார். அறைக்குள் வந்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஆறுமுகம் பின்னால் நின்றார். நான் அந்த நாற்காலியையும் தெய்வானையையும் மாறி மாறிப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, "பந்தியிலயும் ஒக்காந்தனுங்க" என்றார். வலி முழுதாகப் போகவில்லை, மழைக்காலத்தில் இழுக்கும். ஆனால் உட்கார முடிகிறது. சோதித்தேன். நான் சொன்னபடியே கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஆறுமுகம் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். வெளிநாட்டு ஜவுளிக் கண்காட்சிக்குப் போன சிநேகிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த சாம்பிளாம், புது வகை வலை. "இது லைட்வெயிட்டுத்தானுங்க" என்றார், பாடம் படித்துவிட்ட மாணவன் மாதிரி. தெய்வானை அந்த உறையைத் திரும்பியும் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க டாக்டரம்மா, வெட்டாம தைக்காம ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இருந்தது. ஆதிகாலத்திலிருந்து இருக்கிறது. பெரிய டாக்டர் அதைக் கண்டாலே முகம் சுளிப்பார் என்பதால் என் அலமாரியின் கடைசித் தட்டில் வைத்திருந்தேன். வளையல் அளவுக்கு மெத்தென்ற சிலிக்கோன் வளையம். உள்ளே வைத்தால் இறங்குவதைத் தாங்கிக்கொள்ளும், மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கழுவி மறுபடி வைக்கலாம். எடுத்துத் தெய்வானையின் கையில் கொடுத்தேன். அவர் அதை அழுத்தினார், மடக்கினார், விட்டார், அது பழையபடி விரிந்தது.

"இத ஆருங்க உள்ள வெக்கறது?"

"நீங்கதான். ஒரு தடவை சொல்லித் தர்றேன்."

"வேண்டாம்னு தோணுச்சுன்னா நானே எடுத்துக்கலாமுங்களா?"

"எடுத்துக்கலாம்."

"ஆரையும் கேக்காமயா?"

"ஆரையும் கேக்க வேண்டாங்க."

"அது என்ன மெட்டீரியலுங்க?" என்று கேட்டுக்கொண்டே ஆறுமுகம் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். தெய்வானை வளையத்தை மடியில் வைத்து, அதன் மேல் தன் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.